மகள் கேட்ட முள்ளங்கி

அந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் மாப்பிள்ளை. ஜனவரி மாதக் கடைசி. வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். மலேசியாவில், எங்கள் புக்கிட் பெலிம்பிங்கில் பிற்பகல் நான்கு மணி. அவரும் என் மகளும் இருக்கும் ஸ்காட்லாந்தில் அப்போதுதான் காலை எட்டு. கையெல்லாம் கறுப்பாக இருந்ததால் சுண்டுவிரலால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, பிள்ளை தங்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்தப் பிள்ளை, எங்கே தங்கவில்லை என்று கேட்டேன். பிறகுதான் உறைத்தது. என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஜூன் மாதம் பிரசவம் என்று அவள் அம்மா நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்று நான் கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

மாப்பிள்ளை சுருக்கமாகச் சொல்லி முடித்தார். இரண்டு நாளைக்கு முன்பே நடந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். போனில் யாரோடும் பேச மாட்டேன் என்கிறாளாம். நான் சரி, சரி என்று மட்டும் சொன்னேன். அவர் வைத்த பிறகு உடனே எழுந்து உள்ளே போகவில்லை. எண்ணெய் மாற்றும் வேலையை முடித்தேன். மூடியை இறுக்கினேன். பழைய எண்ணெயைப் போத்தலில் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு போய் என் மனைவியிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எப்பங்க போறோம்?" என்று கேட்டாள். கேட்டவுடனே அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். மதியம் ஒரு மணிக்குக் கோலா சிலாங்கூர் டவுனில் கொண்டுபோய் விட்டால் ஐந்து மணி வரை இயந்திரத்தோடு இருக்க வேண்டும். அவளால் விமானம் ஏற முடியாது. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர என்னைத் தவிர ஆளும் கிடையாது. எங்களுக்கு ஒரே மகள்.

நான் மட்டுமாவது போய் வருகிறேன், ஒரு பத்து நாளைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட யாரையாவது பிடித்து ஏற்பாடு செய்யலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என் மகளிடம் கேட்டுவிட்டு, வேண்டாமாம் என்றார். தயங்கித் தயங்கி அவள் சொன்னதையும் சொன்னார். அப்பா வந்து என்ன பண்ணுவார் என்று கேட்டாளாம். கோபத்தில் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உள்ளபடியே தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் நான்கு மணிக்கு நான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை எடுத்து, அவளைக் காட்டுவதற்காகப் போனைத் திருப்புவார். ஒரு சுவர் தெரியும். போர்வையின் ஓரம் தெரியும். "பசியாறிட்டியாமா?" என்று கேட்பேன். சில நாள் "ம்" என்று வரும். சில நாள் அதுவும் வராது. மறுநாளும் அதையேதான் கேட்டேன்.

இப்படிப் பத்தொன்பது நாள் போனது. இருபதாவது நாள் அவளே கூப்பிட்டாள். என் மனைவி சமையலறையில் இருந்தாள். திரையில் மகளுடைய பெயரைப் பார்த்ததும் சட்டென்று எடுத்தேன்.

"அப்பா, நீங்க எஸ்டேட்டுல பொறந்தவருதானே? முள்ளங்கி எப்படிப் போடுறதுன்னு சொல்லுங்க."

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். கூட வேலை செய்யும் ஒரு பெண்மணி கதவு இடுக்கு வழியாக ஒரு உறையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஐந்து விதைப் பொட்டலங்கள். முள்ளங்கி, பட்டாணி, பசலை மாதிரி ஒரு கீரை, பச்சையாகவே சாப்பிடும் சலாட் இலை, பிறகு பெரிய பெரிய கொட்டையாக ஒரு மொச்சை. கூடவே ஒரு சின்ன அட்டை. குளிர்காலம் முடியும் முன்பே இவற்றைப் போடலாம், இதுவரை எதையும் வளர்க்காதவர்களுக்கும் வரும் என்று அதில் எழுதியிருந்ததாம். மகள் அதைப் படித்துக் காட்டினாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முள்ளங்கி போடத் தெரியாது. நான் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். வீட்டுக்குப் பின்னால் கீரையும் மிளகாயும் போட்டவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் போடவில்லை. நான் எந்நேரமும் பந்து விளையாடும் திடலில் கிடந்தேன். பிறகு செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியைக்கூட நான் வளர்த்தது கிடையாது.

ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள்.

"தெரியும்லா. நாளைக்கு விவரமா சொல்றேன்" என்றேன்.

போனை வைத்ததும் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். நாளைக்குத் தெரிந்துகொள்வேன் என்றேன்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். அவளை உள்ளே விட்டுவிட்டு டவுனில் உரமும் விதையும் விற்கும் சீனர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். தோட்டத்து ஆட்களோடு பழகியவர் என்பதால் தமிழ் ஓரளவு பேசுவார். முள்ளங்கி எப்படிப் போடுவது என்று கேட்டேன். மண்ணைப் பொலபொலவென்று ஆக்கு, அரை விரல் ஆழத்தில் போடு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று என்றார். பட்டாணி விதை கேட்டேன். அது இங்கே வராது, கேமரன் மலைக்குப் போக வேண்டும் என்றார். எங்கே போடப் போகிறாய் என்று கேட்டார். ஸ்காட்லாந்தில் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு இந்த வெயில் தெரியும். ஐஸ் தெரியாதுலா" என்றார்.

முள்ளங்கி, கீரை, சலாட் விதைகளை வாங்கிக்கொண்டேன். மளிகைக் கடையில் சுண்டலுக்கு விற்கும் காய்ந்த பட்டாணியும் வாங்கினேன். அவள் அங்கே போடும்போது நானும் இங்கே போட்டால், பேசுவதற்கு தினமும் ஏதாவது இருக்கும் என்று ஒரு கணக்கு.

மீதி நேரம் டயாலிசிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாயின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாயிலிருந்து புகை வரப் பேசினார். மண்ணின் மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. எனக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் விசிறி சுற்றியும் பயனில்லை. உறைபனியிலிருந்து கீரையைக் காப்பாற்றுவது எப்படி என்று, தொழிற்சாலையில் கொடுத்த பழைய டைரியில் குறித்துக்கொண்டேன். பட்டாணியை ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். கழிப்பறைத் தாள் சுற்றியிருக்கும் அட்டைக் குழாயில் மண் போட்டு அதில் ஊன்றி ஜன்னலோரம் வைக்க வேண்டும். மொச்சை குளிரைத் தாங்கும், இரண்டு விரல் ஆழம் போக வேண்டும். சலாட் விதைமேல் மண் மூடவே கூடாது, தூவினால் போதும். அந்தப் பெண்மணி வேகமாகப் பேசினார். பாதிதான் விளங்கியது. தண்ணீர் பற்றி என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. அது நம் கடைக்காரர் சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

அன்று நான்கு மணிக்கு, பிறந்ததிலிருந்து இதையே செய்துகொண்டிருப்பவன் மாதிரி மகளுக்குச் சொன்னேன். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்து விதைத்தோம். அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் பின்னால், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு மரப்பெட்டி இருந்தது. போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவிட்டுக் குளிர்ச்சட்டையோடு வெளியே போனாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. கண்ணைச் சுற்றிக் கருப்பு. நான் இங்கே படகுத்துறையிலிருந்து வாங்கி வந்த இரண்டு வெள்ளை மீன் பெட்டிகளில் அடியில் ஓட்டை போட்டு, வீட்டுப் பக்கத்து மண்ணை நிரப்பி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து மண் சாம்பல் நிறக் களிமண். ஈரமானால் காலைப் பிடிக்கும், காய்ந்தால் கல்.

"உங்க மண்ணு ஏன்பா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. இங்கே எப்போதும் இப்படித்தான் என்றேன். குனிந்து விரலால் கோடு கிழித்து முள்ளங்கி விதையை ஒவ்வொன்றாகப் போட்டாள். நானும் கோடு கிழித்துப் போட்டேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மகள் கேட்டாள், எத்தனை நாளில் முளைக்கும் என்று.

"ஒரு வாரம்மா. ஒரே வாரம்" என்றேன்.

என் பெட்டியில் நான்காம் நாளே முளைத்துவிட்டது. காலையில் பார்த்தபோது வரிசையாக இரண்டிரண்டு குட்டி இலைகள். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை. நான்கு மணி எப்போது வரும் என்று காத்திருந்து, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கு வந்துருச்சு" என்றாள். அவ்வளவுதான். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவளுக்கு எந்த வேலையும் இல்லை, விடுப்பில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அன்று எனக்கு எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலை எழுந்து போய் முள்ளங்கிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். ஒன்றுகூட விடவில்லை. வேர் வெள்ளை நூல் மாதிரி இருந்தது. துணி காயப்போட வந்த மனைவி வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவள் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று மகளிடம், எனக்கும் சரியாக வரவில்லை, புழு தின்றுவிட்டது என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் ஈரம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

ஒரு வாரம் முடிந்தது. அவளுடைய பெட்டியில் ஒன்றுமில்லை. பத்து நாள் ஆனது. ஒன்றுமில்லை. குளிர் அதிகம், கொஞ்சம் பிந்தும் என்றேன். தினமும் மண்ணைக் காட்டுவாள். கறுப்பாக, நனைந்து, சும்மா கிடக்கும். நான் ஏன் ஒரு வாரம் என்று சொன்னேன்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுக்காகக் காத்திருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவளை மறுபடியும் ஒரு பெட்டிக்கு முன்னால் காத்திருக்க வைத்துவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஜன்னலோரம் இருந்த ஒரு அட்டைக் குழாயைக் கையில் எடுத்துக் காட்டினாள். ஈரத்தில் ஊறி அட்டை பிசுபிசுவென்று இருந்தது. பட்டாணி என்ன ஆனது என்று பார்க்கப்போகிறேன் என்று விரலை விட்டுத் தோண்டினாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் எடுத்துவிட்டாள். அவளுடைய விரல் நுனியில் அது கரைந்து வழிந்தது.

"உள்ளேயே அழுகிப்போச்சுப்பா" என்றாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரை இருட்டாகிவிட்டது.

மறுநாள் பாய் கடையில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குளிர்காலத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், விதை அழுகிப்போகும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். எனக்கு விளங்காமல் போன இடம் அதுதான். காலையும் மாலையும் என்று சொன்னவன் நான். என் பிள்ளை தன் அப்பா சொன்னதைத் தாளில் எழுதி வைத்து, ஒருவேளைகூடத் தவறாமல் ஊற்றியிருக்கிறாள்.

ஒன்பது நாள் அவள் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் பேசினார். பின்கதவைத் திறப்பதே இல்லையாம். பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாளாம். மாப்பிள்ளை கோலா குபு பாரு ஊர்ப் பையன், சாந்தமானவர், அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் அவருடைய குரல் உடைந்துபோயிருந்தது.

"மாமா, நான் என்னதான் செய்யட்டும்? ஒண்ணும் விளங்கல."

"எனக்கும் தெரியல தம்பி" என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் வாயால் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். பிறகு அவர், பெட்டிமேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வைக்கலாமா, தண்ணீரையும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். செய்யுங்கள் என்றேன். அதனால் ஏதும் ஆகும் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை, டயாலிசிஸ் நிலையத்தில் மனைவி என்னுடைய போனைக் கேட்டாள். நான்கு மணி ஆகப்போகிறது. அவள் ஒரு கையில் ஊசியும் குழாயுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மற்றக் கையை நீட்டினாள். நீங்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். இப்போதுதான் குடித்தேன் என்றேன். இன்னொன்று குடியுங்கள் என்றாள்.

போனேன். ஒரு குவளையை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது போனை நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். மகள் பேசினாளா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"சொல்லிட்டேன்."

"எதை?"

"மொதல்ல நமக்கு உண்டானத."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று உண்டாகி, ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அது நடந்தபோது நான் செரண்டாவில் வேலையில் இருந்தேன். நான் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள், மனைவியின் அண்ணன்மார்கள் அடக்கம் வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. எங்கே வைத்தார்கள் என்று கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. மகளுக்கு இப்படி ஆன பிறகும் நாங்கள் பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காடியை ஓட்டிக்கொண்டே கேட்டேன், என்னவென்று சொன்னாய் என்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டீங்கன்னு சொன்னேன். எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம் இருந்துச்சுன்னு சொன்னேன். பாவம், அவருக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியலன்னும் சொன்னேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "முள்ளங்கி போடவும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீங்க பிடுங்கிப் போட்டதையும் சொல்லிட்டேன்" என்றாள்.

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அவளிடம் ஏதாவது கேட்க வேண்டும், ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆத்திரம் எப்போது போனது, போய்விட்டதா இல்லையா என்று அறிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வீடு வந்துவிட்டது. இறங்கும்போது அவளுக்குத் தலைசுற்றல். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். படுக்க வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்களுக்குத் தோட்டம் தெரியாதாமே."

"தெரியாதும்மா. உன் பட்டாணி அழுகினதும் என்னாலதான். தண்ணி ரெண்டு வேளை ஊத்தச் சொன்னது தப்பு."

அவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை மூடி வைத்திருந்த பிளாஸ்டிக் தாளில் நீர்த்துளிகள். அதை ஓரமாகத் தூக்கினாள். கறுப்பு மண்ணில் நான்கு முள்ளங்கி முளைத்திருந்தது. விதைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மெதுவாகத் தாளை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சேர்த்துச் சொன்னால் பெரிய வெற்றி ஒன்றுமில்லை. அந்த நான்கு, ஒரு வாரத்தில் ஒன்பது ஆனது. கீரை பொறுமையாக வந்தது. பட்டாணியை இரண்டாவது தடவை ஊன்றினாள், முளைத்ததை எலி தின்றுவிட்டது. மொச்சையில் இரண்டு செடி நின்றது. ஜன்னலோரம் தூவிய சலாட் வெளிச்சம் போதாமல் நீண்டு வளர்ந்து சாய்ந்துவிட்டது. அட்டையில் எழுதியிருந்த மாதிரி எளிது என்று எதையும் சொல்ல முடியவில்லை.

இங்கே என் பாடு அதைவிட மோசம். சுண்டல் பட்டாணி இரண்டு இலை விட்டு வெயிலில் கருகியது. சலாட் விதை முளைக்கவே இல்லை. சூடு அதிகமானால் அது கண்ணைத் திறக்காதாம். ஈரத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்க ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் வைத்ததை மறந்துபோனேன். இன்சுலின் எடுக்கத் திறந்த மனைவி, இது என்ன மருந்து என்று கேட்டாள். மறுபடி போட்ட முள்ளங்கி இடுப்புயரத்துக்கு இலை விட்டது. கீழே கிழங்கு வைக்கவில்லை. ஒரு மதியம் குரங்குகள் வந்து கீரையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் கூரைமேல் வீசிவிட்டுப் போயின. சாயங்கால மழை தொடங்கிய பிறகு மீன் பெட்டிகளில் தண்ணீர் நின்று மீதியும் போயிற்று. எதையும் நான் மறைக்கவில்லை. தினமும் காட்டினேன். குரங்கு விஷயத்தைக் கேட்டு அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

ஏப்ரலில் அவள் வேலைக்குத் திரும்பினாள். அந்த மாதக் கடைசியில் முள்ளங்கியைப் பிடுங்கினார்கள். ஏழு தேறியது. கோலிக்குண்டு அளவு, சிவப்பு. மாப்பிள்ளை ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவள் உப்பைத் தொட்டுத் தொட்டு மீதியைச் சாப்பிட்டாள். காரமாக இருக்கிறது என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தினாலா என்று எனக்குத் தெரியாது.

ஊருக்கு வா என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். பார்க்கலாம் என்கிறாள். அவள் தேறிவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். தேறினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையைப் பற்றி என்னிடம் அவள் பேசியது ஒரே ஒரு தடவை. ஜூன் மாதத்தில், பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த அந்தத் தேதியில். அன்று நான்கு மணிக்கு நானாகக் கூப்பிடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அவளே கூப்பிட்டாள். முகம் தெரியவில்லை. போனைத் தோட்டத்தில் எங்கேயோ கீழே வைத்திருந்தாள். வானம் மட்டும் தெரிந்தது.

"ஆம்பளப் புள்ளைப்பா" என்றாள்.

மகளை அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்பா. லைன்ல இருங்க, போதும்."

இருந்தேன். அவள் மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. காற்று கேட்டது. ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டாள். அரை மணி நேரத்துக்கும் மேல் மூன்று பேரும் பேசவில்லை. இங்கே தகரக் கூரையில் சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

"அங்க மழையாப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம், நல்ல மழை என்றேன்.